கேபிள்னா கேவலமா?

ரொம்ப நாள் கழிச்சு கடையைத் திறக்கறேன். ஆபிஸ்ல ஆணி அதிகம், அதான். இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். மத்தியானம் கேண்டீன்ல நடந்த ஒரு பேச்சு வயித்தெரிச்சலைக் கிளப்பி விட்டுடுச்சு. எழுதாம விட்டா ராத்திரி தூக்கம் வராது. அதனால நீங்க மாட்டினீங்க.

எங்க டீம்ல ஒருத்தன் ஊர்ல இருக்கற அம்மா அப்பாவுக்கு 55 இன்ச் டிவி வாங்கியிருக்கான். சாப்பிடும்போது, "மச்சி, இருக்கற கேபிளையே வெச்சுக்கலாமா, இல்ல டிஷ் போட்டுடட்டுமா?"ன்னு கேட்டான். அவ்வளவுதான். மேசையில இருந்த அத்தனை பேரும் ஒரே குரல்ல "கேபிளா? இன்னுமாடா?"ன்னாங்க. ஒருத்தன் ஒரு படி மேல போய், "எச்டி டிவிக்கு கேபிள் கனெக்‌ஷன் குடுக்கறது பட்டு வேட்டி கட்டிக்கிட்டு மேல கிழிஞ்ச துண்டைப் போட்டுக்கற மாதிரி"ன்னு சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. சாம்பார் சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன்.

ஏன்னா 2023 தீபாவளிக்கு முன்னாடி இதே கேள்வியை யாராச்சும் கேட்டிருந்தா, அந்தக் கூட்டத்துல முதல் குரல் என்னோடதாத்தான் இருந்திருக்கும். பட்டதை எல்லாம் பட்ட பிறகு சொல்றேன் மக்களே: கண்ணை மூடிக்கிட்டு "டிஷ் போடு"ன்னு சொல்றது தொழில்நுட்ப அறிவு இல்லை. அது வெறும் பகட்டு. கேபிள்னா தெருவுல இருக்கறவங்களுக்கு, டிஷ்னா மாடியில இருக்கறவங்களுக்குங்கற பழைய பகட்டு. அதுக்கு மேல எச்டின்னு ஒரு சட்டை மாட்டி விட்டிருக்கோம், அவ்வளவுதான்.

கதையைச் சொல்லிடறேன்.

எங்க ஊர் மாயவரம். (மயிலாடுதுறைன்னு சொன்னாத்தான் ரயில் டிக்கெட் கிடைக்கும், ஆனா வாய்க்கு வர்றது மாயவரம்தான்.) அப்பா ரிடையர்டு வாத்தியார். முட்டி ஆபரேஷன் ஆனதுலேர்ந்து வெளிய போறது குறைஞ்சு போச்சு. டிவிதான் துணை. வீட்டுல இருந்தது குட்டி டிவி. 2023 உலகக்கோப்பை கிரிக்கெட் நடந்துக்கிட்டு இருந்த சமயம். பையன் பெங்களூருல பொட்டி தட்டி நாலு காசு பாக்கறான், அப்பாவுக்கு ஒரு நல்ல டிவி வாங்கிக் குடுப்போமேன்னு தீபாவளிக்குப் போகும்போது 43 இன்ச் எச்டி டிவி ஒண்ணு வாங்கிட்டுப் போனேன்.

டிவி வந்துடுச்சு, இனிமே கேபிள் எதுக்கு? அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. ஒரு டிடிஎச் கம்பெனிக்கு போன் பண்ணேன். ஆள் வந்தார், மொட்டை மாடியில குடையை மாட்டினார், எச்டி பாக்ஸை வெச்சார், எச்டி பேக் போட்டார், காசை வாங்கிட்டுக் கிளம்பிட்டார். நானே கேபிள்காரருக்கு போன் போட்டு, "அண்ணே, கனெக்‌ஷனை நிறுத்திடுங்க"ன்னு சொல்லிட்டேன். டிவி பக்கத்துல அப்பாவை நிக்க வெச்சு போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டேன். சித்தப்பா பெரியப்பா எல்லாரும் கைதட்டினாங்க. ரெண்டு நாள்ல பெங்களூரு பஸ் ஏறிட்டேன்.

நவம்பர் 15, அரையிறுதி. வான்கடேல கோலி 50ஆவது ஒருநாள் சதம் அடிச்ச மேட்ச். அன்னிக்கு எங்க ஊர்ல மழை. வடகிழக்குப் பருவமழையில டெல்டாவுல மழை பெய்யாம வேற எங்க பெய்யும்? எங்க வீட்டு டிவியில நீலத் திரையில "சிக்னல் இல்லை". கோலி குனிஞ்சு வணக்கம் வெச்சதை அப்பா மறுநாள் பேப்பர்லதான் பார்த்தார். எனக்கு போன் பண்ணி ஒரு குறையும் சொல்லலை. நான் கேட்டப்போ, "மழைப்பா, விட்டா வந்துடும்"னார்.

மேட்ச் போனா போகட்டும். மறுநாள் ஐப்பசி கடைசி. மாயவரத்துக்காரங்களுக்கு அது என்ன நாள்னு தெரியும். துலாக்கட்டத்துல கடைமுக தீர்த்தவாரி. விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அப்பா தவறவிடாத முழுக்கு. முட்டியால போக முடியலைன்னா, எங்க ஊர் கேபிள்காரரோட உள்ளூர் சேனல்ல நேரலையா போடுவாங்க, அதுல பார்த்துக்குவார். டிஷ்ல அந்தச் சேனல் ஏது? இந்தியா முழுக்க ஒரே மாதிரி மேலேர்ந்து கொட்டற டிஷ்ஷுக்கு மாயவரம் துலாக்கட்டம் எதுக்கு? அப்பா அன்னிக்கு என்ன பண்ணினார்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கவும் இல்லை. ஸ்பிரிண்ட் ரிவியூல இருந்தேன்.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனப்போதான் பார்த்தேன். டிவிக்குக் கீழ ரெண்டு பாக்ஸ். ஒண்ணு நான் வெச்ச டிஷ் பாக்ஸ், மேல துணி போட்டு மூடி பத்திரமா இருந்துச்சு. இன்னொண்ணு பழைய கேபிள் பாக்ஸ், ஓடிக்கிட்டு இருந்துச்சு. என் 43 இன்ச் எச்டி டிவியில எஸ்டி படம் இழுத்து நீட்டப்பட்டு எல்லா மூஞ்சியும் பூசணிக்காயா தெரியுது. அப்பா ஆனந்தமா செய்தி பார்த்துக்கிட்டு இருக்கார்.

"என்னப்பா இது?"

"இல்லப்பா, நீ ஆசைப்பட்டுப் போட்டே. வேணாம்னு எப்படிச் சொல்றது? அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்."

ரெண்டு மாசமா ரெண்டுக்கும் பணம் கட்டிக்கிட்டு இருந்திருக்கார். பென்ஷன் பணம். எனக்கு சுருக்குன்னு குத்திச்சு பாருங்க, அதை எழுத்துல சொல்ல வராது.

சரி, டிஷ்ல எச்டி எப்படி வருதுன்னு பார்ப்போம்னு அந்த பாக்ஸைத் திருப்பினேன். அங்கதான் இன்னொரு அடி. பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவுல போட்டிருந்தது மஞ்சள், சிவப்பு, வெள்ளைன்னு மூணு கலர் வயர்! எச்டிஎம்ஐ வயர் தனியா வாங்கணும்னு சொல்லிட்டு, மாட்ட வந்தவர் கையில இருந்ததைச் சொருகிட்டுப் போயிருக்கார். அந்த மஞ்சள் வயர்ல எச்டி போகவே போகாது. அது எஸ்டி காலத்து வயர். ஆக ரெண்டு மாசமா எச்டி பாக்ஸ், எச்டி பேக், எச்டி டிவி, திரையில எஸ்டி. எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படிச்சவன் நான். தீபாவளி அன்னிக்கு அந்த டிவியைப் பார்த்து "என்னா க்ளாரிட்டி!"ன்னு சொன்னதும் நானேதான். அவ்வ்வ்வ்.

நம்ம கண்ணு பார்க்கறது படத்தை இல்லை, விளம்பரத்தைன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

இப்ப விஷயத்துக்கு வரேன். கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீங்க.

முதல் விஷயம். கேபிள் கீழேர்ந்து வருது, டிஷ் மேலேர்ந்து வருதுங்கறதே பாதி தப்பு. கேபிள்காரருக்கு சேனல் எங்கேர்ந்து வருது? அதுவும் பெரும்பாலும் செயற்கைக்கோள்லேர்ந்துதான். கண்ட்ரோல் ரூம் மொட்டை மாடியில பெரிய பெரிய டிஷ் வெச்சுப் பிடிச்சு, அங்கேர்ந்து ஃபைபர்லயும் வயர்லயும் உங்க வீட்டுக்கு அனுப்பறாங்க. வித்தியாசம் என்னன்னா, அவங்க அதிகமா பிடிக்கறது சி பேண்ட், சுமார் 4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏழரை சென்டிமீட்டர். உங்க வீட்டுக் குடை பிடிக்கறது கேயு பேண்ட், சுமார் 11, 12 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் ரெண்டரை சென்டிமீட்டர். அலை சின்னதாக ஆக மழைத்துளி அதை அதிகமா விழுங்கும். அதனாலதான் அடைமழையில குடை கண்ணை மூடிக்கும், கேபிள்காரரோட பெரிய டிஷ் தாக்குப் பிடிக்கும். புயல் செய்தி எப்ப வேணும்? புயல் அன்னிக்குத்தானே வேணும்!

"கேபிளும்தான் புயல்ல அறுந்து போகுது"ன்னு ஒருத்தர் கிளம்புவீங்க. உண்மை. 2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்போ டெல்டாவுல கரண்ட் கம்பமே நிக்கலை, கேபிள் எங்க நிக்கும்? தெருவுல இருக்கற ஆம்ப்ளிஃபயருக்கு கரண்ட் போனா உங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஒத்துக்கறேன். ஆனா அறுந்த வயரை முடிச்சுப் போட ஒரு ஆள் ஏணியோட வருவார். 2010 ஜூலை 7 அன்னிக்கு இன்சாட் 4பி செயற்கைக்கோள்ல மின்சாரக் கோளாறாகி அதோட டிரான்ஸ்பாண்டர்கள்ல பாதியை அணைக்க வேண்டியதாப் போச்சு. தமிழ்நாட்டுல லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்க்கிட்டு இருந்த சன் டைரக்ட் அதை நம்பித்தான் இருந்துச்சு. அப்புறம் மீசாட் 3க்கு மாறிப் போனாங்க. 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு யார் ஏணி போடறது?

ரெண்டாவது விஷயம், இதுதான் முக்கியம். எச்டின்னா என்ன? எஸ்டி படம் 720 பெருக்கல் 576 புள்ளி. எச்டி 1920 பெருக்கல் 1080. பெருக்கிப் பாருங்க, சரியா 5 மடங்கு. ஆனா வீட்டுல உங்க கண்ணு எவ்வளவு பிரிச்சுப் பார்க்கும்? 43 இன்ச் டிவியில படத்தோட உயரம் 53 சென்டிமீட்டர் சொச்சம். அதை 1080 வரியா வகுத்தா ஒரு வரி அரை மில்லிமீட்டர். நல்ல பார்வை இருக்கற கண்ணுக்கு அது தனித்தனியா தெரியணும்னா அஞ்சரை அடிக்குள்ள உக்காரணும். எங்கப்பா நாற்காலி போட்டிருக்கறது பத்தடி தள்ளி. அந்தத் தூரத்துக்கு 576 வரியே ஏறக்குறைய போதும்.

அப்ப ஏன் எஸ்டி படம் பத்தடியிலயும் கண்ணை உறுத்துது? புள்ளி குறைச்சல்னால இல்லைங்க, பிட்டு குறைச்சல்னால. சேனலைப் போட்டு நசுக்கறாங்க. ஒரு சேனலுக்குத் தர வேண்டிய பிட்டைப் பிடுங்கி மூணு சேனலுக்குப் பங்கு போடறாங்க. கிரிக்கெட் மைதானத்துல புல்லு பச்சைக் களியா தெரியறது, பந்து ஓடும்போது கட்டம் கட்டமா உடையறது எல்லாம் இதனாலதான். எச்டி நல்லா இருக்கறதுக்குப் பாதிக் காரணம், அந்தச் சேனலுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமா பிட்டு ஒதுக்கறாங்க, அவ்வளவுதான்.

ஆக கேள்வி இப்படி ஆகுது: யார்கிட்ட பிட்டு அதிகம்? கேபிள்ல 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல ஒரு பொந்து. அதுல 64 குவாம் முறையில வினாடிக்கு 38 மெகாபிட் போகும். ஒரு வயர்ல இந்த மாதிரி கிட்டத்தட்ட 100 பொந்துக்கு இடம் இருக்கு. 3,800 மெகாபிட் ஆச்சு. டிஷ்ல ஒரு டிரான்ஸ்பாண்டருக்கு 40லேர்ந்து 60 சொச்சம் மெகாபிட். ஒரு கம்பெனிகிட்ட 20 டிரான்ஸ்பாண்டர் இருக்குன்னே வெச்சுக்கோங்க, தாராளமா போட்டாலும் 1,300ஐத் தாண்டறது கஷ்டம். அதுலயும் பாருங்க, டிஷ் கம்பெனிகள்ல பலதும் அந்த இடத்துக்குள்ள பெங்காலி, மராத்தி, பஞ்சாபி, ஒடியான்னு நாடு பூராவுக்கும் சேர்த்து அடைக்கணும். மாயவரம் கேபிளுக்கு அந்தத் தலைவலி இல்லை. தமிழ், கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் இந்தி, விளையாட்டு, போதும். மிச்ச இடத்தை எல்லாம் படத்தோட தரத்துக்கே குடுக்கலாம்.

கவனிங்க, "குடுக்கலாம்"னுதான் சொல்றேன். "குடுக்கறாங்க"ன்னு சொல்லலை. பொறியியல் கணக்குப்படி எச்டிக்குப் பொறந்தது கேபிள்தான். நடைமுறையில எச்டியைப் பத்தி நெறைய கேபிள்காரங்க வாயே திறக்கறதில்லை. ஏன்?

இந்தக் கேள்வியோடதான் பொங்கல் கழிச்சு மாட்டுப் பொங்கல் அன்னிக்கு எங்க கேபிள்காரர் அண்ணனைப் பார்க்கப் போனேன். (நான் கனெக்‌ஷனை நிறுத்தச் சொன்ன அதே ஆள். முகத்துல விழிக்கவே வெக்கமா இருந்துச்சு.) அவர் சிரிச்சுக்கிட்டே, "வா தம்பி, சார் முட்டி எப்படி இருக்கு?"ன்னார்.

"அண்ணே, உங்ககிட்ட எச்டி பாக்ஸ் இருக்கா?"

"இருக்கே. மேல கம்பெனிலேர்ந்து எச்டி சேனல் எல்லாம் வந்துக்கிட்டுதான் இருக்கு."

"அப்புறம் ஏண்ணே எங்களுக்குச் சொல்லலை?"

"யாரு தம்பி கேக்கறா? உங்க தெருவுல இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலை. மாசக் கட்டணத்துல பத்து ரூபா ஏறினா வாசல்ல நிக்க வெச்சுக் கேள்வி கேப்பாங்க. படம் ஏன் கலங்கலா இருக்குன்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. எச்டி வேணும்னு நெனைக்கற உன்ன மாதிரி புள்ளைங்க எங்ககிட்ட கேக்காமலே டிஷ் போட்டுடறீங்க. மிச்சம் இருக்கறவங்களுக்கு எச்டி வேணாம். நான் யாருக்காக முதல் போடறது?"

வாயடைச்சுப் போச்சு மக்களே.

யோசிச்சுப் பாருங்க. தமிழ்நாட்டுல கேபிளைப் பத்தி எவ்வளவு பேசியிருக்கோம்! 2011 செப்டம்பர்ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்தப்போ ஊரே பேசிச்சு. நான் அப்ப பள்ளிக்கூடப் பையன், எங்க வீட்டுலயும் அதுதான் பேச்சு. 2017ல இலவச செட்டாப் பாக்ஸ் வந்தப்போ பேசினோம். 2019 பிப்ரவரில டிராய் புது விதி வந்து, சேனல் சேனலா விலை போட்டு, நெட்வொர்க் கட்டணம் 130 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்த்து 153ன்னு ஆனப்போ வீதியில நின்னு பேசினோம். இத்தனை வருஷத்துல ஒரு தடவையாச்சும் படம் எப்படி வருதுன்னு பேசினோமா? விலை, விலை, விலை. கேபிள்னா மலிவு, மலிவுன்னா மட்டம்னு நாமளே முடிவு கட்டிட்டு, மட்டமா வரும்போது "பார்த்தியா, கேபிள்னா இப்படித்தான்"னு நாமளே தீர்ப்பும் எழுதிட்டோம்.

அந்தத் தீர்ப்பை எழுதிட்டு டிஷ்ஷுக்குப் போனவங்க யாரு? சத்தம் போட்டுத் தரம் கேட்டிருக்க வேண்டிய ஆளுங்க. படிச்சவங்க, சம்பாதிக்கறவங்க, நாலு மெயில் தட்டத் தெரிஞ்சவங்க. அவங்க எல்லாம் மாடிக்கு ஏறிட்டாங்க. தெருவுல மிச்சம் இருக்கற அப்பா அம்மாக்களுக்கு பூசணிக்காய் மூஞ்சி. இதுதான் என் குற்றச்சாட்டு. குற்றவாளிக் கூண்டுல நானும் நிக்கறேன்.

இப்ப ஓடிடி கோஷ்டிக்கு வரேன். "கேபிளும் வேணாம், டிஷ்ஷும் வேணாம், வைஃபை போதும்"னு சொல்ற புண்ணியவான்களே, ஊர்ல உங்க வீட்டுக்கு அந்த ஃபைபர் யார் மூலமா வந்துச்சுன்னு கொஞ்சம் எட்டிப் பாருங்க. பல ஊர்கள்ல அதைக் கம்பத்துல கட்டி இழுத்துட்டு வந்தது அதே கேபிள்காரர்தான். கேபிள் செத்துப் போச்சுன்னு கேபிள்காரர் வயர்லயே வந்து எழுதறீங்க. நல்லா இருங்க. அதோட, ரிமோட்ல நம்பர் அமுக்கிப் பழகின 70 வயசுக்காரர்கிட்ட பாஸ்வேர்ட் கேக்கற டிவியைக் குடுத்துட்டு "சிம்பிள்தான்பா"ன்னு சொல்றதைவிட அநியாயம் வேற இல்லை.

கேபிள்காரங்களுக்கும் ரெண்டு வார்த்தை. அண்ணே, "யாரும் கேக்கலை"ங்கறது பாதி நியாயம்தான். இருக்குன்னு நீங்க சொன்னாத்தானே கேப்பாங்க? தெருவுல ஒரு கனெக்‌ஷனை மூணா பிரிச்சு, பத்து வருஷத்துக்கு முந்தின துருப்பிடிச்ச முனையையே வெச்சுக்கிட்டு, "மேலேர்ந்தே அப்படித்தான் வருது"ன்னு கைகாட்டறதை விடுங்க. எங்க வீட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா? மாடிக் குடித்தனக்காரருக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணுன்னு பிரிச்ச பிரிப்பான்லயே சிக்னல் பாதி போயிருந்துச்சு. அந்த ரெண்டு ரூபா முனையை மாத்தி, புது வயர் இழுத்ததும் படம் உடையறது நின்னுடுச்சு. எச்டி பாக்ஸுக்கு ஒரு தடவை காசு குடுத்தேன், எச்டிஎம்ஐ வயரை நானே வாங்கி மாட்டினேன். அதே டிவி, அதே கேபிள்காரர். இப்ப கிரிக்கெட்ல புல்லு புல்லாவே தெரியுது.

டிஷ்காரங்களுக்கும் இருக்கு. நான் காசு குடுத்து வாங்கின பாக்ஸ், வேற கம்பெனிக்குப் போனா ஏன் செங்கல்லா ஆகுது? சிம் கார்டை மாத்தற மாதிரி பாக்ஸை வெச்சுக்கிட்டு கம்பெனியை மட்டும் மாத்தற வசதி வேணும்னு 2020 ஏப்ரல்லயே டிராய் பரிந்துரை பண்ணிடுச்சு. என் வீட்டுல துணி போட்டு மூடி வெச்சிருந்த பாக்ஸ் இன்னிக்கும் பரண்லதான் தூங்குது. பெட்டி என்னுது, பூட்டு அவங்களுது. (இந்தப் பாவத்துல கேபிள் பாக்ஸுக்கும் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன்.)

விலையைப் பத்தி ஒரு தெளிவு. கேபிள்னா மலிவு, டிஷ்னா விலைங்கறதும் இப்ப பழங்கதை. 2019 விதிப்படி கட்டணச் சேனலுக்கு அந்தச் சேனல் கம்பெனிதான் அதிகபட்ச விலை போடுது, அது கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் ஒண்ணுதான். வித்தியாசம் வர்றது நெட்வொர்க் கட்டணத்துலயும் அவங்கவங்க தர்ற தள்ளுபடியிலயும்தான். 130 ரூபாய்க்கு மேல வாங்கக்கூடாதுன்னு இருந்த வரம்பையும் 2024 ஜூலைல டிராய் எடுத்துடுச்சு. அதனால யார் எவ்வளவு வாங்கறாங்கன்னு கேட்டே ஆகணும். அதோட உங்க சேனல் பட்டியலை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. ஒரே சேனலோட எஸ்டியும் இருக்கும், எச்டியும் இருக்கும். ரெண்டுக்கும் காசு போயிக்கிட்டு இருக்கும். அப்பா பட்டியல்ல நான் அப்படி அஞ்சு சேனலை எடுத்தேன்.

அப்ப டிஷ்ஷே வேணாமான்னு கேப்பீங்க. அப்படி சொல்லலை. தோப்புக்குள்ள தனி வீடா, மலை கிராமமா, கேபிள் வயரே எட்டாத இடமா? டிஷ்தான் தெய்வம். வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் மாத்தற வேலையா? குடையைக் கழட்டிட்டுப் போகலாம். உங்க தெரு கேபிள்காரர் மூணு தடவை கேட்டும் எச்டி பாக்ஸ் தர மாட்டேங்கறாரா, போன் எடுக்க மாட்டேங்கறாரா? தாராளமா டிஷ் போடுங்க, அது அவருக்குப் பாடம். ஆனா அந்த மூணு தடவையைக் கேட்டுட்டுப் போடுங்க. கேக்காமலே போடறதுக்குப் பேர்தான் பகட்டு.

கேக்க வேண்டியது இவ்வளவுதான். எச்டி பாக்ஸ் இருக்கா, எந்தெந்தச் சேனல் எச்டியில வருது? பக்கத்து வீட்டுல யார்கிட்டயாச்சும் இருந்தா பத்து நிமிஷம் பார்க்கலாமா, குறிப்பா மேட்ச் ஓடும்போது? கரண்ட் போனா தெரு ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு நேரம் தாங்கும்? எது போட்டாலும் எச்டிஎம்ஐ வயர்லதான் மாட்டணும்னு பக்கத்துல நின்னு பாருங்க. (மஞ்சள் வயரைப் பார்த்தா பிடுங்கி எறிங்க.)

இதுக்கெல்லாம் முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. அதைத்தான் நான் கேக்காம விட்டேன். "அப்பா, நீங்க என்ன பார்ப்பீங்க?" அதைக் கேட்டிருந்தா, "செய்தி, மேட்ச், நம்ம ஊர் சேனல்"னு மூணே வார்த்தையில சொல்லியிருப்பார். மிச்சக் கணக்கு எல்லாம் அஞ்சு நிமிஷ வேலை. 1080 வரியைப் பத்தித் தெரிஞ்ச எனக்கு, அந்தத் திரை முன்னாடி யார் உக்காரப் போறாங்கன்னு யோசிக்கத் தெரியலை.

அடுத்த வருஷம், 2024 ஐப்பசி கடைசிக்கு நான் லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிட்டேன். அப்பாவும் நானும் சேர்ந்து உள்ளூர் சேனல்ல தீர்த்தவாரி பார்த்தோம். அந்தச் சேனல் எச்டியும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஒரே கேமரா, அதுவும் ஆடிக்கிட்டே இருந்துச்சு, கீழ ஜவுளிக்கடை விளம்பரம் ஓடுது. கூட்டத்துல தெரிஞ்ச முகம் வந்தா அப்பா எழுந்து உக்காந்து, "அதோ பாரு, நம்ம கூட வேலை பார்த்தவர்"ங்கறார். மறுநாள் கார்த்திகை ஒண்ணு, முடவன் முழுக்கு. கடைசி நாளுக்கு வந்து சேர முடியாத முடவனுக்காக சாமி ஒரு நாள் கூடுதலா குடுத்த முழுக்கு. "எனக்கு அதுதான்டா சரி"ன்னு சிரிச்சார். ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போனேன்.

நாளைக்கு கேண்டீன்ல அந்த 55 இன்ச் பையனைத் தனியா கூப்பிட்டு இதைச் சொல்லணும். முதல்ல அவங்க அம்மாவுக்கு ஒரு போன் பண்ணச் சொல்லணும்.

திட்டறவங்க பின்னூட்டத்துல வரிசையா வாங்க. "டிஷ்தான் பெஸ்ட்"னு சொல்றவங்க, பாக்ஸுக்குப் பின்னாடி என்ன வயர் இருக்குன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க. ஹிஹி.

டிஸ்கி: எந்தக் கேபிள்காரர்கிட்டயும் காசு வாங்கலை. இந்த மாசச் சந்தாவையும் ஒழுங்கா கட்டியாச்சு.